ரிசர்வ் மேல் வைத்த எலுமிச்சம்பழம்

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையில் பாராசூட் கட்டிக்கொண்டு விமானத்திலிருந்து குதிக்கிறவர்கள் நாங்கள் நாலு பேர் இருந்தோம். சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதில் ஒருத்தி பெண், அதுவும் மிஷன் பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர் என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு கல்யாண வீட்டில் என் கொழுந்தன் எல்லார் முன்னாலும், "அண்ணி, மாடியிலேர்ந்து குதிச்சுக் காட்டுங்களேன், பாப்போம்" என்றான். நீ கீழே படு, உன் மேலே குதிக்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எங்களுக்குத் தலைவர், ராணுவத்தில் பாராசூட் படையிலிருந்து ஓய்வு பெற்று வந்து கே.கே. நகரில் வீடு கட்டியிருந்தவர். எல்லோருக்கும் அவர் அண்ணன். இன்னொருவர் அதே படையில் இருந்துவிட்டுப் பிறகு பேங்கில் சேர்ந்தவர். வாயைத் திறக்க மாட்டார். மூன்றாமவர் பஸ் டிப்போவில் மெக்கானிக், அவரும் பழைய ராணுவம்தான். வாயை மூட மாட்டார். நான் கல்லூரியில் மாணவர் படையில் இருந்தபோது வடக்கே போய்க் குதிக்கக் கற்றுக்கொண்டவள். கல்யாணம் ஆனால் விட்டுவிடுவாள் என்று வீட்டில் நினைத்தார்கள். விடவில்லை.

எங்களிடம் நாலு செட் இருந்தது. ஒரு செட் என்றால் இரண்டு பாராசூட். பெரியது முதுகில். சின்னது வயிற்றுக்கு மேலே கட்டிக்கொள்வது, அதற்கு ரிசர்வ் என்று பெயர். பெரியது விரியாவிட்டால் ரிசர்வின் கைப்பிடியை இழுக்க வேண்டும். அதுவும் கைவிட்டால் மேற்கொண்டு செய்வதற்கு எதுவும் கிடையாது. அதனால் ரிசர்வை நாங்கள் கைக்குழந்தை மாதிரி வைத்திருந்தோம். வெயிலில் காட்ட மாட்டோம். ஈரக்கையால் தொட மாட்டோம். ஜீப்பில் பேட்டரி இருக்கிற பக்கம் வைக்கவே மாட்டோம், ஆசிட் பட்டால் நைலான் துணி செத்துப்போகும். அண்ணன் இதையெல்லாம் ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வது போலச் சொல்வார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கடலைக்காட்டு வரப்பில் இறங்கி எனக்கு வலது கணுக்கால் உடைந்திருந்தது. மாவுக்கட்டைப் பிரித்த டாக்டர், இனிமேல் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதுகூடப் பார்த்து இறங்குங்கள் என்றார். வெளியே வந்ததும் என் வீட்டுக்காரரிடம், நான் மறுபடி குதிப்பேன் என்று சொன்னேன். அவர் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பியபடி, "குதிக்கிறதுன்னா குதி. நொண்டிக்கிட்டு வந்தா நான் தூக்க மாட்டேன்" என்றார். இதை அவருடைய சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

அந்த இரண்டு வருஷமும் பள்ளிக்கூடம் விட்டதும் மைதானத்து மேடையிலிருந்து குதித்தேன். முதலில் படியிலிருந்து, பிறகு மேடையிலிருந்து, பிறகு மேடைமேல் போட்ட பெஞ்சிலிருந்து. இரண்டு பாதமும் சேர்ந்து மண்ணைத் தொட வேண்டும், முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும், அதிர்ச்சியைக் காலில் வாங்காமல் பக்கவாட்டில் சரிந்து தொடை, இடுப்பு, தோள் என்று உருள வேண்டும். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நான் மண்ணில் புரளுவதை ஹாஸ்டல் பிள்ளைகள் ஜன்னல் வழியே பார்த்துச் சிரிக்கும். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கணுக்காலைப் பிடித்து நிறுத்தும்படி உயரமான பூட்ஸ் ஒன்றும் வாங்கினேன். கடைசியில் அண்ணன் வந்து பெஞ்சிலிருந்து குதிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "சரி, மாசியில ஏறு" என்றார்.

வெளியூர் ஃப்ளையிங் கிளப் விமானம் எங்களுக்கு வருஷத்தில் ஒரு காலைப்பொழுது கிடைத்தால் பெரிய காரியம். அந்த மாசியில் கிடைத்தது. அதை விட்டால் அடுத்த வருஷம்தான்.

இங்கே எங்கள் ரூல் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டிப்போக்காரருக்கு ஆரம்பத்தில் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. விமானத்தில் ஏறப்போகிற நேரத்தில், "அண்ணே, உங்க பாராசூட் மடிப்பு ஒரு மாதிரியா இருக்கே" என்று சும்மா வயிற்றைக் கலக்குவார். ஒரு நாள் அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. இனிமேல் யார் அடுத்தவர் செட்டைச் சந்தேகப்படுகிறாரோ, அவர் தன்னுடையதைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ரூல் போட்டார். டிப்போக்காரர் வாய் அன்றோடு அடங்கியது. எங்களுக்கும் ரூல் பிடித்திருந்தது. ராணுவத்தில் இப்படித்தான் என்று அண்ணன் சொன்னபோது பேங்க்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு சொல்லாமல் விட்டார்.

குதிப்பதற்கு முந்தின நாள் மத்தியானம் அண்ணன் வீட்டு மாடி அறையில் கூடினோம். ஒவ்வொரு செட்டாக எடுத்து வாரையும் கொக்கியையும் பார்ப்பது வழக்கம். அண்ணனுடைய ரிசர்வ் என் கைக்கு வந்தது. பையின் மேல் மடிப்பில் வெளுத்த வட்டம் ஒன்று இருந்தது. தடவிப் பார்த்தேன். அந்த இடம் மட்டும் மொடமொடவென்று, கஞ்சி போட்ட துணி போல இருந்தது.

என்ன பட்டிருக்கும் என்று கொஞ்ச நேரம் புரியவில்லை. பிறகு ஆயுத பூஜை ஞாபகம் வந்தது. வருஷாவருஷம் அண்ணன் வீட்டில் எங்கள் செட்டையெல்லாம் அடுக்கிப் பொட்டு வைத்து பூஜை போடுவார்கள். கிறிஸ்தவ வேதக்கார வீட்டுப் பெண் என்றாலும் நானும் போவேன், பொரியும் சுண்டலும் எல்லாரையும்விட அதிகமாகத் தின்பேன். அந்த வருஷம் அடுக்கில் மேலே இருந்தது அண்ணனுடைய ரிசர்வ். அதன்மேல் எலுமிச்சம்பழத்தை இரண்டாக அறுத்துக் குங்குமம் தடவி வைத்திருந்தார்கள். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை அசைக்கக் கூடாது. அதனால் பழம் ராத்திரி முழுக்க அங்கேயே இருந்தது. பேட்டரிப் பக்கம்கூட அண்டவிடாத நாங்கள், எலுமிச்சம்பழத்தை நாங்களே வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறோம். மடிப்பு இடுக்கு வழியாகச் சாறு உள்ளே இறங்கியிருந்தால், ஐந்து மாதமாக இந்த மதுரை வெக்கையில் அது துணியோடுதான் கிடக்கிறது.

சொன்னால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ரூல்படி என் ரிசர்வ் அண்ணனுக்குப் போகும், இது எனக்கு வரும். இதைக் கட்டிக்கொண்டு குதிக்கலாம், அல்லது கீழே நிற்கலாம். இரண்டு வருஷம் மண்ணில் புரண்டது இதற்குத்தானா? அண்ணன் எத்தனையோ தடவை குதித்தவர், ரிசர்வைத் தொட்டதே இல்லை. நாளைக்கும் தொடாமலே போகலாம். ஆனால் தொட வேண்டி வந்தால்?

"அண்ணே, இதைப் பிரிச்சுப் பாக்கணும். எலுமிச்சம்பழம் இறங்கியிருக்கு" என்றேன்.

டிப்போக்காரர் மெதுவாக, "தங்கச்சி, ரூல் தெரியும்ல?" என்றார்.

தெரியும் என்றேன்.

அண்ணனே பிரித்தார். வெள்ளைத் துணியின் மடிப்புகளில், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக, மஞ்சள் பூத்த கறைகள் இருந்தன. நான் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கப் போனபோது அவர் துணியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கிழிச்சுப் பாக்க இதென்ன பழைய வேட்டியா? பூஜையில வச்ச பழம். அது என்ன செய்யும்? உனக்கு எங்க பூஜை பிடிக்கலைன்னா நேரா சொல்லு."

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. அழுதிருப்பேன், ஆனால் அதற்குள் கோபம் வந்துவிட்டது.

"பூஜை பிடிக்காதவளா அம்புட்டு சுண்டல் தின்னேன்? பழத்தை ஜீப்புச் சக்கரத்துல வைங்க, உங்க தலையில வைங்க, எனக்கு என்ன வந்தது? நைலான்ல வைக்காதீங்கன்னுதான் சொல்றேன். பேட்டரியில இருந்தா மட்டும்தான் ஆசிட்டா?"

"அப்ப உன்னோடதைக் கொடு. இதை நீ கட்டிக்க" என்றார் அண்ணன். "இல்லைன்னா கீழ நில்லு."

என் ரிசர்வை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "நான் கீழயே நிக்கிறேன். ஆனா இது நாளைக்கு பிளேன்ல ஏறாது. என்கூடத்தான் இருக்கும்" என்று சொல்லி, கறைபட்ட துணியைச் சுருட்டி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு உலையை வைத்தார். அன்றைக்குச் சோறு வடித்தது அவர்தான்.

மறுநாள் விடிந்ததும் விமான நிலையத்துக்கு அப்பால் இருந்த பொட்டலுக்குப் போனேன். போகாமல் வீட்டில் படுத்திருக்கலாம். ஆனால் கீழே ஒருவர் நின்று இறங்குகிற இடத்தைக் காட்ட வேண்டும், காற்றைப் பார்க்க வேண்டும். அந்த வேலையையாவது ஒழுங்காகச் செய்வது என்று முடிவு செய்திருந்தேன். தரையில் நிற்கிறவளுக்குப் பூட்ஸ் எதற்கு என்று யாராவது கேட்பார்கள் என்று தெரிந்தும், அந்தப் பூட்ஸையே மாட்டிக்கொண்டு போனேன். அடையாளத்துக்குக் கறைபட்ட ரிசர்வையே விரித்தேன். வட்டமான வெள்ளைத் துணி மேலிருந்து பளிச்சென்று தெரியும்.

ஓரங்களில் கல் வைத்துக்கொண்டிருந்தபோது இளங்காற்று ஒன்று வந்து துணியைத் தூக்கியது. பறந்துவிடாமல் சட்டென்று பிடித்து இழுத்தேன். சர்ரென்று என் கையோடு ஒரு கிழிசல் வந்தது.

நான் பலமாக இழுக்கவில்லை. கறை இருந்த இடத்தில்தான் பிடித்திருந்தேன். கிழிசல் கறை இருந்த மட்டும் ஓடி, நல்ல துணி வந்ததும் நின்றிருந்தது. கையில் அந்தத் துணியோடு நின்றபோது எனக்குச் சந்தோஷமாக இல்லை. பயமாகத்தான் இருந்தது. கல் போல விழுகிற ஒரு மனிதனை இந்தத் துணி பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும்.

விமானம் தலைக்கு மேல் வந்தது. ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் விழுந்தார்கள். மூன்று பாராசூட்டும் அழகாக விரிந்தன. யாருக்கும் ரிசர்வ் தேவைப்படவில்லை. இதற்காகவா நின்றேன் என்று ஒரு நொடி நினைத்தேன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அண்ணன் துணிக்குப் பக்கத்திலேயே வந்து இறங்கி உருண்டார். எழுந்ததும் கிழிசலைப் பார்த்தார். "துணியக் கிழிச்சியா?" என்று கத்திக்கொண்டே வந்தார். நான் அதன் ஓரத்தை நீட்டினேன். அவர் இரண்டு கட்டைவிரலையும் வைத்து நல்ல இடத்தில் இழுத்துப் பார்த்தார். துணி அசையவில்லை. கறைக்கு வந்து இழுத்தார். காய்ந்த வாழைச்சருகு போல விட்டுக்கொடுத்தது. இன்னொரு கறையில் இழுத்தார். அதுவும் கிழிந்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

மற்ற இருவரும் வந்து பார்த்தார்கள்.

அண்ணன் தன் வயிற்றில் கட்டியிருந்த என் ரிசர்வை அவிழ்த்து என்னிடம் கொடுத்தார். "பூஜையைப் பத்திச் சொன்னேனே, அது தப்பு. மனசுல வச்சுக்காத தங்கச்சி" என்றார். பிறகு எழுந்து, "மாப்ள, ஜீப்பை எடு. பைலட்டைப் போகவிடாத. இன்னொரு தரம் ஏறணும்" என்று டிப்போக்காரரை விரட்டினார்.

என்னுடைய பெரியது அண்ணன் வீட்டு மாடியிலேயே கிடந்ததால், விமான நிலையத்துக்குத் திரும்பி, விமானத்தின் நிழலில் தார்ப்பாயை விரித்து மூன்று பேரும் எனக்காக அண்ணனுடைய பெரிய பாராசூட்டை மடித்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கயிறாகப் பார்த்தேன். பைலட் கைக்கடிகாரத்தையும் வானத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறினால் காற்றும் ஏறிவிடும். எனக்கு ஒவ்வொரு நிமிஷமும் கையைவிட்டு நழுவிக்கொண்டிருந்தது.

எல்லாம் கட்டி முடித்து நான் ஏறப்போனபோது அண்ணன் கையைக் குறுக்கே நீட்டினார்.

"ஒரு நிமிஷம். அந்த ரூல் இன்னியோட போச்சு. சந்தேகம்னா சும்மா சொல்லுங்க. யாரும் எதையும் மாத்திக் கட்ட வேண்டாம். இவ செட்டுல யாருக்காவது சந்தேகம் இருக்கா?"

இல்லை என்பார்கள், ஏறிவிடலாம் என்று காலைத் தூக்கினேன்.

"எனக்கு இருக்கு" என்றார் பேங்க்காரர்.

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் என் பூட்ஸைக் காட்டினார். கணுக்காலுக்காக நான் வாங்கிய அந்த உயரமான பூட்ஸில் லேஸ் மாட்டுகிற இடம் துளையாக இல்லாமல் திறந்த கொக்கிகளாக இருந்தது. பாராசூட் விரியும்போது அதன் கயிறு ஒன்று அந்தக் கொக்கியில் மாட்டினால் போதும், ஆள் தலைகீழாகத் தொங்க வேண்டியதுதான். குதிக்கிறவர்கள் யாருக்கும் தெரிந்த விஷயம். இரண்டு வருஷம் அந்தப் பூட்ஸோடு பழகிய எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

"எப்பப் பாத்தீங்க?" என்று கேட்டேன்.

"வாங்குன அன்னிக்கே" என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார். "உங்க சைஸ் எனக்குச் சேராது. மாத்திக்கச் சொல்லுவாங்களேன்னு பேசாம இருந்துட்டேன்."

அண்ணன் முதலுதவிப் பெட்டியிலிருந்து பிளாஸ்திரியை எடுத்து வந்து, முட்டி போட்டு உட்கார்ந்து, என் கால்களை ஒவ்வொன்றாகத் தன் தொடைமேல் வைத்துக் கொக்கி கொக்கியாக மூடி ஒட்டினார். பைலட் ஏதோ முணுமுணுத்தார். காற்று லேசாக ஏறத் தொடங்கியிருந்தது. அவர் ஒட்டி முடித்து, விரலால் எல்லாவற்றையும் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்ற பிறகுதான் ஏறினேன்.