கலீல் பாய் வாசிக்காத வரி

"காணின்னா எத்தினி குழி? வாயத் தொறந்து சொல்லுங்க" என்று மூன்றாம் முறையாகக் கேட்கிறார் கலீல் ரஹ்மான். எதிரே நிற்கும் குடியானவருக்குப் பொறுமை போய்விட்டது.

"நூறு குழி பாய்! எங்க பாட்டன் காலத்துலயும் நூறுதான்."

"சர்க்காருக்கு அது நூத்தி முப்பத்திரண்டு சென்ட். ஏக்கரான்னா வெறும் நூறு சென்ட். காணி வேற, ஏக்கரா வேற. புரிஞ்சுதுங்களா?" அவர் தலையாட்டிய பிறகுதான் பேனாவின் மூடி கழலும்.

திருவண்ணாமலை பத்திர ஆபீஸுக்கு எதிரே, தகரக் கொட்டகையில் சாய்வு மேசை போட்டு இருபத்தைந்து வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவர். எதைப் பார்த்தாலும் அவருக்கு அளவுதான். கல்யாணத்துக்குப் போனால் பந்தலை நடந்து பார்த்து, "ரெண்டு சென்ட் தேறும்" என்பார். பெரிய கோயிலைப் பார்த்து வாய் பிளக்கும் வெளியூர்க்காரரிடம், "இருபத்தஞ்சு ஏக்கரா. காணியில பத்தொம்போது, துளி கம்மி" என்பார். சாமி கும்பிட வந்த மனுஷர் திருதிருவென்று விழிப்பார்.

இன்னொரு வினோதம். எழுதி முடித்த பத்திரத்தைக் கைநாட்டுக்காரர்களுக்குத் தெருவே கேட்கும்படி வாசிப்பார். கடைசி வரியில், 'எழுதியவர்' என்று தம் பெயர் இருக்கும் இடத்தில், சட்டென்று நிறுத்திக்கொள்வார். "நம்ம பேரு என்னாத்துக்கு?" என்பார். தன்னடக்கம் என்று நினைத்து நானும் கிண்டல் செய்திருக்கிறேன். விஷயம் தெரிந்தபின் வெட்கமாகப் போயிற்று.

எழுபத்து நாலில், முகூர்த்த நாள் கூட்டத்தில், அடி அண்ணாமலை கன்னியம்மாள் பாகப்பிரிவினைக்கு வந்தாள். புருஷனை இழந்தவள். கொழுந்தன் தருமனோடு பேசி முடித்தபடி, "மேல்பக்கம் ஒரு காணி" என்றாள். அவசரத்தில் இவர் 'ஒரு ஏக்கர்' என்று எழுதிவிட்டார். வாசித்தும் காட்டினார். காணிக்கு சர்க்கார் வைத்த பெயர் போலும் என்று அவள் கைநாட்டு வைத்தாள்.

இரண்டு வருஷம் கழித்துத் தருமன் சர்வேயரை வைத்துக் கல் நட்டான். முப்பத்திரண்டு சென்ட் அவன் பக்கம் போயிற்று. கிணறு அதில்தான் இருந்தது. நெல் விளைந்த நிலத்தில் அவள் இன்று வானத்தைப் பார்த்து மல்லாட்டைக் கடலை போடுகிறாள். திருத்தல் பத்திரத்துக்குக் கையெழுத்துக் கேட்டுத் தருமன் வீட்டுக்கு இவர் எத்தனை நடை நடந்தாரோ! "நானா மாத்தி எழுதச் சொன்னேன்?" என்று அவன் சிரித்தானாம். பாவம், தப்பு பத்திரத்தில்தான் என்பது அவளுக்குத் தெரியாது.

"சொல்லணும்னுதான் நெனைப்பேன். அவ மூஞ்சியப் பாத்தா நாக்கு எழும்ப மாட்டேங்குது" என்று ஒருநாள் என்னிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போன வாரம் கன்னியம்மாளே வந்தாள். கையில் புதுப் பட்டா, பையில் பழைய பத்திரம்.

"எக்டேருன்னு போட்டுக்கீதாம் பாய். புது அளவுல நம்ம கெணறு உள்ள வந்துச்சா, பாருங்க."

நூறு ஏர் ஒரு எக்டேர்; நாற்பதரை ஏர் என்றால் ஒரு ஏக்கர். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஆனாலும் தாளை எடுத்துப் பெருக்கினார். அடித்துவிட்டு மறுபடி பெருக்கினார்.

"வரலம்மா. அதே ஒரு ஏக்கராதான். பேருதான் புதுசு."

அவள் முகம் தொங்கிப்போயிற்று. "அந்தக் கல்லு நட்ட சர்வேயரு நல்லா இருப்பானா? அவன் கை வெளங்குமா?"

"அவர ஏசாதம்மா" என்றார் பாய். "பழைய பத்திரத்தக் குடு."

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "நீ சொன்னது காணி. இங்க ஏக்கர்னு கீது" என்று ஒரு வரியில் விரலை வைத்தார். பிறகு கடைசிப் பக்கத்தைப் புரட்டி, விரலைக் கடைசி வரிக்குக் கொண்டுபோனார். பதிமூன்று வருஷமாக விழுங்கி வந்ததைத் தெருவே கேட்கும்படி வாசித்தார்:

"எழுதியவர், கலீல் ரஹ்மான்."