எந்தப் பக்கத்துக் கிணறு

பதினான்கு வருஷம் ஊரே என்னை டீச்சர் என்று கூப்பிட்டது. கேரள எல்லையில், வடகரப்பதிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் நாலாம் வகுப்பு வரைக்கும் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். பிள்ளைகள் குறைந்துபோய்ப் பள்ளியை மூடினார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது எனக்கு ஒத்துவராது. நாலு பேர் என்னிடம் வந்து கேட்க வேண்டும், நான் சொல்ல வேண்டும், அப்போதுதான் சோறு இறங்கும். அப்படித்தான் நாற்பத்தொரு வயதில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பயிற்சியில் போய்ச் சேர்ந்தேன். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை வெட்டியெடுத்து, புதுக் கம்பியை எண்ணிச் சுற்றி உள்ளே இறக்குகிற வேலை. எங்கள் பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் மோட்டார் எரியும். அதனால் வேலைக்குப் பஞ்சமில்லை.

தனியாகப் போக வெட்கமாக இருந்தது. என் கணவரின் தம்பி மனைவியையும், அதாவது என் ஓரகத்தியையும், இழுத்துக்கொண்டு போனேன். என்னைவிடப் பத்து வயது சின்னவள். பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டவள். கல்யாணமாகி வந்ததிலிருந்து மாடும் கன்றுமாக இருந்தவள். "வா புள்ள, எனக்குத் துணையா இருக்கும்" என்றேன். துணைக்குத்தான் கூப்பிட்டேன். என்னை முந்திக்கொண்டு போகச் சொல்லிக் கூப்பிடவில்லை.

பயிற்சி வேலந்தாவளத்தில், மாட்டுச் சந்தைக்குப் பின்னால் இருந்த ஒரு பட்டறையில். பட்டறையை நடத்தியவள் பாலிடெக்னிக் படித்த மலையாளப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. அங்கே அவள்தான் டீச்சர். முதல் நாள் அவளை டீச்சர் என்று கூப்பிட்டபோது என் வாய் கசந்தது.

நான் நோட்டுப் போட்டு எழுதினேன். கம்பி இறங்குகிற காடி எத்தனை, எத்தனை சுற்று, எந்தத் தடிமனில் கம்பி என்று சிவப்பு மையில் கோடு போட்டு எழுதினேன். ஓரகத்தி ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை. கருகிய காயிலை மடியில் வைத்துக்கொண்டு விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணுவாள். வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பாள். எண்ணிக்கை தப்பவே தப்பாது. கம்பியைக் காடிக்குள் இறக்கும்போது மாட்டுக்கு மூக்கணாங்கயிறு கோக்கிற மாதிரி அலுங்காமல் இறக்குவாள். நான் இறக்கினால் கம்பிமேல் பூசிய எனாமல் உரசி ஷார்ட் ஆகும். மூன்றாவது மாதத்தில் என் காயிலை டீச்சர் இரண்டு தடவை அறுத்துப் போட்டாள். ஓரகத்தி கட்டியதை மேஜைமேல் வைத்து எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாள். "கண்டோ? இதாணு கை" என்றாள், கை என்றால் இதுதான் கை என்று.

எனக்கு வயிறு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது, எரிந்ததுதான். பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போது அவள் விரலையே பார்த்துக்கொண்டு வருவேன். சாணி அள்ளின கை, வெடித்த நகம். அதில் அப்படி என்ன இருக்கிறது என்று இருக்கும். வீட்டில் என் கணவர் அவளைப் பாராட்டி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அன்றைக்குக் குழம்பில் உப்பு தூக்கலாகிவிடும். அவளோ ஒன்றும் தெரியாதவள் மாதிரி, "அக்கா, நீங்க நோட்டுல எழுதுனத எனக்குப் படிச்சுக் காட்டுங்க்கா, எனக்கு இந்தக் கணக்கெல்லாம் ஏறவே மாட்டேங்குது" என்பாள். அது இன்னும் எரிச்சல். எதற்கடி உனக்கு நோட்டு?

பயிற்சி முடிகிற சமயத்தில் டீச்சர் ஒரு சேதி சொன்னாள். பட்டறையில் ஒரே ஒருவரை வேலைக்கு வைத்துக்கொள்வாள். ஆளுக்கொரு மோட்டாரைத் தனியாகக் கட்ட வேண்டும். யாருடையது குறை சொல்ல இடமில்லாமல் ஓடுகிறதோ அவருக்கு இடம். எனக்கு ஒரு மாவு மில் மோட்டார் வந்தது. அவளுக்கு வந்தது என் கூடப்பிறந்த அண்ணனுடைய தோட்டத்து மோட்டார்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மோட்டார் வந்தாலும் முதல் கேள்வி, "கெணறு எந்தப் பக்கமுங்க?" என்பதுதான். எங்கள் ஊர்க்காரர்களுக்கு வீடு கேரளத்தில் இருக்கும், தோட்டம் தமிழ்நாட்டில் இருக்கும். நடுவில் ஒரு வாய்க்கால்தான். கரண்ட் மட்டும் வேறு வேறு. அந்தப் பக்கம், அதாவது தமிழ்நாட்டுப் பக்கம், லைனின் கடைக்கோடியில் இருக்கிற கிணறுகளுக்குக் கரண்ட் நோஞ்சானாக வரும். அதற்குச் சுற்றைக் குறைத்து, தடித்த கம்பி போட்டுக் கட்ட வேண்டும். பழைய காயிலை அப்படியே எண்ணிக் கட்டினால் சூடேறி எரிந்துவிடும்.

அண்ணன் வரவில்லை. மோட்டாரை டெம்போவில் ஏற்றி அனுப்பிவிட்டார். கூட வந்த துண்டுச் சீட்டில் வீட்டு விலாசம் மட்டும் இருந்தது, கேரள விலாசம். அவள் காயிலை எண்ணி முடித்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"ஏனுங்க்கா, அண்ணன் தோட்டத்துக் கெணறு நம்ம பக்கந்தானுங்களே?"

பழைய கிணறு நம் பக்கம்தான். ஆனால் போன தை மாதம் அண்ணன் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கிணற்றோடு தோட்டம் வாங்கி, இந்த மோட்டாரை அங்கே மாற்றியிருந்தார். பூஜைக்கு நான் போயிருந்தேன், சர்க்கரைப் பொங்கல்கூடத் தின்றேன். அவள் மாட்டுக்கு ஈற்று நேரம் என்று வரவில்லை.

"ம்" என்றேன்.

அவ்வளவுதான். ஒரே ஒரு "ம்". அவள் தலையாட்டிவிட்டுக் கம்பியை எடுத்தாள். அவள் சுற்றி முடிக்க முழுசாக இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் தக்காளி போட்டிருக்கிறார் என்பதும் எனக்குத் தெரியும்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது ஐந்து நாள்கூடத் தாங்கவில்லை. அண்ணன் போனில் கத்தினார். மோட்டார் எரிந்துவிட்டது, தக்காளி பூவும் பிஞ்சுமாக நிற்கிறது, தண்ணீர் இல்லை. டீச்சர் மோட்டாரைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லிப் பிரித்துப் பார்த்தாள். "கிணறு எவிடெ, சோதிச்சில்லே?" என்றாள், எங்கே என்று விசாரிக்கவில்லையா என்று ஓரகத்தியைத்தான் கேட்டாள்.

நான் சுவரோடு ஒட்டி நின்றேன். இப்போது என் பெயர் வரும் என்று காத்திருந்தேன். அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"கேக்காம உட்டுட்டேனுங்க டீச்சர். என் தப்புத்தான்" என்றாள்.

மாவு மில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. இடம் எனக்குக் கிடைத்தது. டீச்சரே அன்று அண்ணனுடைய மோட்டாரைத் திரும்பக் கட்டிக் கொடுத்தாள், ஆனால் அதற்குள் பாதித் தக்காளி போய்விட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஓரகத்திதான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சொம்பை வாங்கும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நீ கட்டியிருந்தா இப்படி ஆயிருக்குமா அம்முணி? அன்னைக்கே உங்கிட்டக் குடுக்கச் சொல்லியிருக்கோணும். படிச்ச கையி படிச்ச கையிதான்."

அவள் நிலைப்படியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே போயிருக்கலாம், போகவில்லை.

"அண்ணா, அவ எங்கிட்டக் கேட்டா. அந்தப் பக்கம்னு எனக்குத் தெரியும். நாந்தான் சொல்லல" என்றேன்.

அண்ணன் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"அட போ அம்முணி! சின்னவள உட்டுக்குடுக்கக் கூடாதுன்னு உன்ற தலையில போட்டுக்கறயாக்கும்? பாருங்க மாப்ள, என்ற தங்கச்சிக்கு எத்தன பெரிய மனசுன்னு!"

என் கணவரும் பெருமையாகச் சிரித்தார். நான் திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர்கள் இன்னும் மெச்சினார்கள். கூடப்பிறந்தவருக்கு என்னைத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அவருக்குத் தெரிந்தது வேறு யாரோ.

அண்ணன் கிளம்பிப் போன பிறகு அவள் சொம்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு என்னிடம் வந்தாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன், மனசு ஆறியிருக்கும்.

"டீச்சருகிட்டச் சொல்லுங்க்கா. அவங்க நம்புவாங்க."

திங்கட்கிழமை பஸ் ஏறிப் போய்ச் சொன்னேன். இப்போது தினமும் காலையில் அவள் பட்டறைக்குப் போகிறாள். அவள் மாட்டுக்கு நான் தண்ணீர் காட்டுகிறேன். அவள் பஸ் ஏறும்போது இன்னமும் எனக்கு வயிறு எரிகிறது, அது போகவில்லை. ஆனால் அதைவிட எரிவது ஒன்று உண்டு. அன்றைக்கு டீச்சர் நான் சொன்னதை நம்பினாள். ஏன், எதற்கு என்று ஒரு கேள்விகூடக் கேட்காமல் நம்பினாள்.