வளைவு அக்காவின் வேலி

நெடுஞ்சாலையில் பால வேலை நடக்கிறதென்று போலீஸ்காரர் திருப்பிவிட்டதால்தான் மாட்டு மருந்து விற்பவர் அந்தக் குறுக்குப் பாதைக்கே போனார். இருபது வருஷமாக ஊர் ஊராகச் சுற்றுகிறவர். தான் பார்க்காத விசித்திரம் இல்லையென்ற மிதப்பு அவருக்கு நிறையவே உண்டு. திடுக்கென்று மடங்குகிற ஒரு வளைவைத் தாண்டியதும் அந்த மிதப்பு இறங்கிப் போயிற்று. ரோட்டோரத்து வீட்டு வேலி முழுக்க ஒற்றைச் செருப்பு, ஹெல்மெட், குடை, பால் கேன் மூடி. நடுவில், நன்றாகத் துடைத்து மாட்டிய ஒரு செயற்கைக் கால்.

வண்டியை நிறுத்தியதுதான் தாமதம், ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி உள்ளேயிருந்து ஓடிவந்தாள்.

"உங்களோடதா?"

"இல்லக்கா, எனக்கு ரெண்டு காலும் இருக்கு."

"அதான் பாத்தாலே தெரியுதே" என்றாள். அவள் முகம் சுண்டிப்போயிற்று.

காலையில் பால் சேகரிக்கும் கொட்டகையில் அளவு பார்க்கிற வேலை அவளுக்கு. முடித்துவிட்டு வந்தால் வளைவுதான் கதி. சரியாகக் கட்டாத சாமானெல்லாம் அங்கேதான் விழும். எடுத்துக் கழுவி, வண்டி ஓட்டுகிறவர் கண்ணுக்கு நேராக மாட்டிவிடுவாள். ஊரார் பழைய இரும்புக் கடை என்று கிண்டலடிப்பார்கள். அவர்கள் கிடக்கட்டும், ஒரு குடையாவது எடுத்துக் கொடுத்திருப்பார்களா?

"தொலைச்சவனுக்கு எங்க விழுந்துச்சுன்னே தெரியாது தம்பி. கண்ணுல பட்டாத்தான் ஞாபகம் வரும். செருப்பு போனா வேற வாங்கிப்பான். கால் போச்சுன்னா? மூணு வருஷமா எப்படி நடக்கிறானோ!"

டவுனிலிருக்கும் மகள் எத்தனையோ தடவை கூப்பிட்டுவிட்டாள். இவள் ஒருநாள்கூடப் போய்த் தங்கவில்லை. பூட்டிக்கொண்டு போன அன்றைக்குப் பார்த்து அந்தக் காலுக்குச் சொந்தக்காரன் வந்துவிட்டால்?

மருந்துக்காரர் செல்போனில் படமெடுத்துக்கொண்டார். அதன்பிறகு எந்தத் தொழுவத்துக்குப் போனாலும் முதலில் படம், அப்புறம்தான் மருந்து. "மாட்டுக்கும் கால் மாட்ட ஆரம்பிச்சாச்சா?" என்று சிரித்தவர்கள் அநேகம். எட்டு மாதம் கழித்து, ஒரு மாட்டுப்பண்ணையில், கட்டையூன்றி நின்ற பழைய லாரி டிரைவர் ஒருவர் படத்தைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அது விழலப்பா. நான்தான் தூக்கி எறிஞ்சேன்."

மாட்டினாலே உயிர் போகுமாம். வீட்டில் எல்லோரும் பழகிடும், பழகிடும் என்று ஒரே பாட்டு. ஒருநாள் மருமகன் வண்டியில் வரும்போது கழற்றி ஜன்னல் வழியாக வீசிவிட்டு, விழுந்துவிட்டதென்று சொல்லிவிட்டார்.

மருந்துக்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அந்த அக்கா வீட்டை விட்டு நகராம காத்துக்கிட்டிருக்காங்க. நீங்களே வந்து சொல்லிடுங்கண்ணே."

ஒருவழியாகச் சம்மதிக்கவைத்து, மறுநாள் மத்தியானம் கூட்டிக்கொண்டு போனார். ஒரு பக்கம் வெறுமையாகத் தொங்கிய காற்சட்டையைப் பார்த்ததுமே அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. வேலியிலிருந்து காலை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். டிரைவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"தொலைக்கலம்மா. வேணாம்னு எறிஞ்சேன்."

அக்கா அப்படியே வாசல் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். கால் மடியில் கிடந்தது. திட்டித் தீர்க்கப் போகிறாள் என்று மருந்துக்காரர் பயந்தார். திட்டினாலும் தப்பில்லை என்றே நினைத்தார். அவளோ மடியிலிருந்த காலின் உட்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"எந்த இடத்துலண்ணே வலிக்கும்?"

டிரைவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் எல்லோரும் அளவெடுத்தார்கள், மாட்டிவிட்டார்கள், புத்தி சொன்னார்கள், அதட்டினார்கள். இதை மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. குனிந்து காற்சட்டையை மெல்லச் சுருட்டி, முட்டிக்குக் கீழே ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இங்கம்மா" என்றார், அழுதுகொண்டே.