பூட்டிய தையற்கூடமும் ஓர் ஊசி முனையும்

எங்கள் தெருவில் ஒரு கதை வழங்கி வருகிறது. தையற்கூடம் நடத்திய பெண்மணி ஒருவர் தம்மிடம் வேலை செய்த பெண்களை உள்ளே வைத்துப் பூட்டி, வீட்டுக்கு விடாமல் வேலை வாங்கினார் என்றும், ஊரார் கல்லெறிந்த பிறகு காவலர் வந்து பூட்டை உடைத்து அவர்களை மீட்டனர் என்றும் அக்கதை சொல்லும். பூட்டு உடைக்கப்படவில்லை. மீட்கப்பட வேண்டியவர் எவரும் அங்கே இருக்கவுமில்லை. அன்று காவலரோடு அக்கூடத்துக்குள் சென்றவன் நான். அப்பெண்மணி தொழிலை விட்டுத் தென்பாண்டிப் பக்கத்துத் தம் ஊருக்கே திரும்பிவிட்டார். அவருக்கு வேலை தந்த நிறுவனமும் இன்று இல்லை. உண்மையை மூடி வைத்ததற்கான காரணம் போய்விட்டது. பழி மட்டும் போகவில்லை. ஆகவே அவருடைய இசைவைத் தொலைபேசியில் கேட்டுப் பெற்று இதனை எழுதி வைக்கிறேன்.

புத்தாயிரத்தின் முதல் சில ஆண்டுகளுள் ஒன்று அது. கைப்பேசி எல்லார் கைக்கும் வந்து சேராத காலம். கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, அனுப்பர்பாளையம் சாலையிலிருந்து பிரியும் குறுந்தெரு ஒன்றில் மாடி வீட்டில் குடியிருந்தேன். தெருவின் ஒரு முனையில் பாத்திரப் பட்டறைகள். மற்றெல்லா இடத்திலும் பனியன் கம்பெனிகள். கம்பெனி என்ற சொல்லை விலக்கி வேறொரு சொல்லை ஆள நான் பலகாலம் முயன்றதுண்டு. தெரு எனக்கு இணங்கவில்லை, நான்தான் இணங்கினேன். தகடு தட்டும் ஓசையும் தையற்பொறிகளின் இரைச்சலும் கலந்து நாள் முழுதும் ஒரே சுருதியாய் ஒலிக்கும். அந்தச் சுருதிக்குள் அமர்ந்துதான் படிப்பேன், எழுதுவேன், உறங்குவேன். பஞ்சுத் துகள்கள் சன்னல் வழியே வந்து திறந்த ஏட்டின்மீது மெல்ல அமரும். ஊதினால் எழும், சிறிது நேரம் எங்கோ போய்விட்டு, போன வழியே திரும்பி வரும்.

எதிரில் இருந்த தகரக் கூரைக் கூடம்தான் அப்பெண்மணியுடையது. பெரிய நிறுவனம் ஒன்றுக்குக் கைக்குழந்தைச் சட்டைகளைக் கூலிக்குத் தைத்துக் கொடுத்தார். தாமும் தையற்காரியாய் வந்து, பிறகு சில பொறிகளை வாங்கிப் போட்டுத் தனித்து நின்றவர். முப்பது வயதுக்கு மேல் இராது. ஞாயிறு காலையில் தேவாலயத்துக்குப் போகும் வழியில் என்னைக் கண்டால் தலை தாழ்த்தி, “ஐயா சௌக்கியமா?” என்பார். அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு இருந்ததில்லை.

பங்குனி மாதத்து மாலை. வெயில் மஞ்சளாகி, தெரு முழுவதும் மஞ்சள் நீருக்குள் கிடப்பது போலத் தோன்றிய நேரம். நான் அரைத் துயிலில் இருந்தேன். எதுவோ என்னை எழுப்பியது. எழுப்பியது ஓசையன்று; ஓர் ஓசை நின்றதே என்னை எழுப்பியது. பட்டறைகள் ஒலித்தன, மற்றக் கூடங்கள் ஒலித்தன. எதிர்க் கூடம் மட்டும் அடங்கியிருந்தது. சன்னலருகே சென்று பார்த்தேன். இரும்புக் கதவு உட்புறமாகப் பூட்டப்பட்டிருந்தது. உள்ளே யாரோ ஓர் இளம்பெண் விம்மி அழுவது கேட்டது.

வேலை முடியும் நேரம் கடந்தது. கதவு திறக்கவில்லை. பெண்களை அழைத்துப் போக வந்த கணவன்மாரும் அண்ணன்மாரும் தெருவில் கூடினர். அவர்களுள் முன்னால் நின்றவர் குண்டடத்துக்காரர். நூல் மூட்டை ஏற்றும் வண்டி ஓட்டுபவர். அவர் மனைவி அக்கூடத்தில் தைத்த சட்டைகளைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருந்தார்.

“ஏனுங்க, உள்ற என்னுங்க நடக்குது? கதவத் தொறவுங்க!” என்று அவர் தட்டினார்.

உள்ளிருந்து அப்பெண்மணியின் குரல் வந்தது. “சோலி கெடக்குண்ணே. செத்தப் பொறுங்க.”

“சோலியா? ஒரு மெசினும் ஓடக் காணோம், என்ன சோலி?”

விம்மல் மட்டும் கேட்டது.

“அழுவற சத்தம் கேக்குதுங்க,” என்றார் ஒருவர்.

“அடிச்சுப்போட்டாங்களாட்ட இருக்குது,” என்றார் இன்னொருவர்.

“மெசின் ஓடுனாக்கூட மனசு ஆறும். இது எழவு விழுந்த ஊடாட்டக் கெடக்குதே!”

மக்கள் வெகுண்டது அந்த அமைதியைக் கண்டுதான் என்று இன்றும் எண்ணுகிறேன். இரைச்சலில் வாழ்பவர்க்கு அமைதி நல்லதைச் சொல்வதில்லை. குண்டடத்துக்காரர் ஒரு கல்லை எடுத்து எறிந்தார். இரும்புக் கதவு கோயில் மணி போல அதிர்ந்தது. அவ்வதிர்வு அடங்கும் முன் மேலும் இரண்டொரு கற்கள் விழுந்தன. யாரோ காவல் நிலையத்துக்குச் சொல்லியிருந்தனர். தெரு முனையில் காவல் ஊர்தி திரும்புவதை மாடியிலிருந்து கண்டேன். மஞ்சள் ஒளியில் புழுதி எழுப்பி, ஒலியே இன்றி வருவது போல அது வந்தது.

இறங்கியவர்கள் மூவர்: உதவி ஆய்வாளர், இவ்வூர்க்காரரான தலைமைக் காவலர், ஒரு பெண் காவலர். உதவி ஆய்வாளர் பிரம்பால் கதவைத் தட்டினார்.

“போலீஸ் வந்திருக்கோம். திறம்மா.”

“தொறக்க மாட்டேன்னு சொல்லலைய்யா. நீங்க உள்ள வாங்க. ஆனா வெளிய மட்டும் ஒருத்தரும் போவக்கூடாது.”

“எங்ககிட்டயே சட்டம் பேசுறியா? பூட்டி வைக்கிறதே குத்தம். நடையைக் கட்டு ஸ்டேஷனுக்கு!”

கதவின் சிறு இடுக்கு வழியே அவர் ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னார். உதவி ஆய்வாளர் குனிந்து கேட்டார். நிமிர்ந்து தலைமைக் காவலரைப் பார்த்தார். பின்னர்த் தெருவைச் சுற்றிப் பார்த்தவர் கண்ணில் மாடியில் நின்ற நான் பட்டேன்.

“பெரியவரே, கொஞ்சம் இறங்கி வாங்க. உள்ளூர் ஆள் ஒருத்தர் கூட இருக்கணும்.”

இறங்கிச் சென்றேன். கதவு ஒரு சாண் திறந்தது. “ஐயா, செருப்பு வேண்டாம். பூட்சும் வேண்டாம், அடியில ஆணி இருக்கும்,” என்றார் அப்பெண்மணி. அதிகாரி தயங்கினார், பிறகு ஒரு காலைத் தூக்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு காலணிகளைக் கழற்றினார். ஒரு காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. கல்லோடு நின்ற கூட்டத்தில் ஒரு சிரிப்பு ஓடியது.

“போலீசே செருப்பக் கழட்டிட்டுப் போறாங்கன்னா உள்ற சாமி கீமி எறங்கீருச்சோ என்னமோ!”

“தேங்கா பழம் ஒண்ணும் கொண்டாரலீங்களே!”

கதவு எங்கள் பின்னால் மறுபடி சாத்தப்பட்டது.

உள்ளே நான் கண்டதை எப்படிச் சொல்வேன்! மின்விசிறிகள் நிறுத்தப்பட்டிருந்தன. கூரைக்கடியில் இருந்த சாளரங்களின் வழியே மாலை வெயில் சாய்ந்து விழுந்தது. அவ்வொளியில் பஞ்சுத் துகள்கள் விழவும் மனமின்றி எழவும் மனமின்றி நின்றன. தரையெங்கும் வெண்ணிறச் சட்டைகள், என் உள்ளங்கையளவே ஆனவை. அவற்றின் நடுவே பெண்கள் அமர்ந்திருந்தனர். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு சட்டை. தையல் தையலாகக் கண்மூடி விரல் நுனியால் தடவிக்கொண்டிருந்தனர். ஒருவரும் பேசவில்லை. உறங்குகின்ற பிள்ளைகளை மடியில் வைத்திருப்பவர்கள் போல இருந்தனர். நானும் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

அப்பெண்மணி நடந்ததைச் சொன்னார். கழுத்துப் பட்டி தைக்கும்போது ஓர் இளம்பெண்ணின் பொறியில் ஊசி முறிந்தது. குழந்தை உடை தைப்பவர்களுக்கு ஒரு முறைமை உண்டு: ஊசி முறிந்தால் துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்துச் சேர்த்துவைக்க வேண்டும், முழு ஊசி ஆகும்வரை அங்கிருந்து ஒரு சட்டையும் ஓர் ஆளும் நகரக் கூடாது. அடித்துண்டு கிடைத்துவிட்டது. எள்ளளவான முனை கிடைக்கவில்லை.

“பச்சப் புள்ள ஒடம்புல படுற துணி ஐயா. அது கெடைக்காம நான் எப்பிடி அனுப்புவேன்? செருப்புல ஒட்டி வெளிய போயிட்டா, இல்லங்கறதுக்கும் வழியில்ல, இருக்குங்கறதுக்கும் வழியில்ல. இத்தனையும் எரிக்கணும். அதோட எனக்கு வேலை கொடுக்கறதையும் நிறுத்திப்போடுவாவ.”

“இதை வெளியே நின்னவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?” என்றார் உதவி ஆய்வாளர்.

“சொன்னா விடியறதுக்குள்ள ஊரெல்லாம் போயிரும் ஐயா. கெடைச்சாலும், ‘ஊசி தொலைச்ச கம்பெனி’ன்னுதான் சொல்லுவாவ. பிறவு ஒருத்தரும் புள்ளச் சட்டை தர மாட்டாவ.”

பெண்களும் தாமே ஒப்பி அமர்ந்திருந்தனர் என்பதை உதவி ஆய்வாளர் ஒவ்வொருவரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டார். “எங்களுக்கும் இதுதானுங்க கஞ்சி,” என்றார் ஒருவர். ஊசி முறித்த இளம்பெண் மட்டும் மூலையில் முகம் புதைத்து அழுதாள். எல்லார்க்கும் நடுவே குண்டடத்துக்காரரின் மனைவி, கழுத்தில் நாடா கட்டித் தொங்கவிட்ட லாடக் காந்தத்தைக் கையில் பிடித்தபடி, பொறிகளின் கீழும் பலகை இடுக்குகளிலும் குனிந்து குனிந்து துழாவிக்கொண்டிருந்தார். நாள்தோறும் கூடத்தைக் காந்தத்தால் துழாவி வருவது அவர் பொறுப்பு.

பெண் காவலர் யாரும் சொல்லாமலே தரையில் அமர்ந்து ஒரு சட்டையை மடியில் எடுத்துக்கொண்டார். பிறகு தலைமைக் காவலரும் அமர்ந்தார். “எம் புள்ளையும் பனியன் கம்பெனிதானுங்க,” என்று அதிகாரியிடம் மன்னிப்புக் கேட்பவர் போலச் சொன்னார். நானும் ஒன்றை எடுத்தேன். உதவி ஆய்வாளர் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, பிரம்பை மேசைமேல் வைத்துவிட்டுத் தாமும் அமர்ந்தார். வெளியே கூட்டத்தின் இரைச்சல் ஆற்றுக்கு அப்பால் கேட்பது போலக் கேட்டது. என் விரல்களின் கீழே அத்துணி, வெயில் காய்ந்த புறாவின் இறகு போல இருந்தது. சாளரத்து ஒளி சுவரில் ஏறிக்கொண்டே போனது. எத்தனை சட்டைகளைத் தடவினேன் என்று அறியேன். எதற்காகத் தடவுகிறேன் என்பதையே ஒரு கட்டத்தில் மறந்திருந்தேன்.

கதவில் மறுபடியும் ஒரு கல் விழுந்தது. உதவி ஆய்வாளர் விழித்துக்கொண்டவர் போல எழுந்தார். “இனிமே தாங்காது. ஒவ்வொருத்தரா வெளியே அனுப்பிடுவோம். நம்ம லேடி கான்ஸ்டபிள் சோதிச்சு அனுப்பட்டும். வேற வழியில்லை.”

அப்பெண்மணியின் முகத்தில் நிறம் இல்லை. ஆயினும் தலையசைத்தார். கதவருகே துணியைத் திரையாகக் கட்டி, கீழே வெள்ளைத் துணி விரித்தனர். மற்றப் பெண்களின் உடையை உதறிப் பார்க்க உதவட்டும் என்று குண்டடத்துக்காரரின் மனைவியையே முதலில் திரைக்குள் அழைத்தார் பெண் காவலர். உள்ளே பேச்சு கேட்டது.

“அக்கா, தாலிக்கொடியில இருக்கற ஊக்கெல்லாம் கழட்டுங்க.”

“அதெதுக்குங் கண்ணு? தாலியிலயா தேடுவாங்க?”

“ஸ்டேஷன்ல எந்தப் பொம்பளைய அடைச்சாலும், தன்னையே குத்திக்கக் கூடாதுன்னு மொதல்ல ஊக்கக் கழட்டி வாங்குறது எங்க வழக்கம்க்கா. கை அதுக்கே பழகிப்போச்சு.”

ஊக்குகள் ஒன்றோடொன்று உரசும் ஓசை கேட்டது. பிறகு, “அய்யோ என்ற சாமீ!” என்று ஒரு கூவல்.

ஊக்குக் கொத்து நாள் முழுதும் காந்தத்தோடு உரசிக் கிடந்து தானும் காந்தத் தன்மை பெற்றிருந்தது. ஊசி முறிந்தவுடன் முதலில் ஓடிவந்து பொறியின்மேல் குனிந்தவர் அவர்தாம். முனை அப்போதே அக்கொத்தில் போய் ஒட்டியிருக்கிறது. நாழிகைக் கணக்காய்க் கூடமெல்லாம் தேடியது அவர் நெஞ்சின்மேலேயே இருந்தது. அப்பெண்மணி அதனை வாங்கி அடித்துண்டோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். முறிந்த இடம் இம்மியும் பிசகாமல் பொருந்தியது. அவர் அழவில்லை. முக்காலியில் அமர்ந்து இரு துண்டுகளையும் ஒரு தாளில் வைத்து மடித்தார்.

“சரி. கல்லெறிஞ்சவன் மேல ஒரு புகார் குடும்மா,” என்றார் உதவி ஆய்வாளர், காலுறையை இழுத்து விட்டுக்கொண்டே.

“வேண்டாம் ஐயா. எழுதினா ஏன் பூட்டினேன்னும் எழுதணும்.”

“அப்ப வெளியே என்னம்மா சொல்றது? நீ பூட்டி வச்சேன்னுல்ல நினைப்பாங்க.”

“நெனச்சிட்டுப் போட்டும்.”

குண்டடத்துக்காரர் உள்ளே அழைக்கப்பட்டார். மனைவி அவர் காதில் எல்லாவற்றையும் சொன்னார். அவர் முகம் கறுத்தது. “தங்கச்சீ, தெரியாமப் பண்ணிப்போட்டனுங்க. நானே போய் எல்லாத்துக்குஞ் சொல்லீர்றன்,” என்றார்.

“அண்ணே, சொல்ல வேண்டாம். நீங்க போட்ட கல்லுக்குப் பயந்துதான் தொறந்தேன்னு சொல்லுங்க. அது போதும்.”

கதவு திறந்தது. பெண்கள் வெளியே வந்தனர். குண்டடத்துக்காரர் கூட்டத்தின் நடுவே போய் நின்று, எவர் முகத்தையும் பாராமல், “கல்லப் போட்டதும் தொறந்துபோட்டாங்கய்யா!” என்று உரக்கச் சொன்னார். கூட்டம் ஆரவாரித்தது. அதன் பிறகு அத்தெருவில் அப்பெண்மணிக்குப் ‘பூட்டுக்காரி’ என்று பெயர் வழங்கிற்று. அது அவர் காதில் விழவே சொன்னார்கள். அவர் நிமிராமல் நடந்து போவார். சட்டைகள் போயின; அடுத்த வேலை வந்தது; அதற்கடுத்ததும் வந்தது. பூட்டிய கதவின் பின்னால் இருந்தது என்ன என்று அவரும், அப்பெண்களும், காவலரும், குண்டடத்துக்காரரும், நானும் வாய் திறக்கவில்லை.

இதில் பிழைகள் இருக்கலாம். முதலில் தரையில் அமர்ந்தவர் பெண் காவலரா, தலைமைக் காவலரா என்பதில் எனக்கே இப்போது ஐயம் உண்டு; அன்றைய ஒளியில் எல்லாம் ஒன்றோடொன்று கரைந்துவிட்டன. காந்தத்தைப் பற்றியும் தையல் முறைகளைப் பற்றியும் நான் பிறரிடம் கேட்டறிந்ததையே எழுதியிருக்கிறேன். அன்று அக்கூடத்தில் மடியில் சட்டையோடு அமர்ந்திருந்த பெண்களுள் எவரேனும் இதனைப் படிக்க நேர்ந்தால், தவறிய இடங்களைத் திருத்தி எனக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன். தெருவில் நின்றவர்களும் எழுதலாம்.