ஜெயராணி ஒதுக்கி வைத்த இருபது இடம்

கடலூரில் அந்தத் தனியார் மருத்துவமனையில் ஜெயராணிக்குப் பதினான்கு வருட வேலை. பில் போடும் கவுன்டரில் சேர்ந்தவள், மாமியாரின் முணுமுணுப்பைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஞாயிறு வகுப்புகளுக்குப் போய்ப் படித்து, சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்தாள். ஊருக்கு வெளியே குடிகாட்டு ஆலைகளின் ரசாயன நெடிக்கே மூக்கைப் பொத்தாதவள்தான். ஆனால் மேலாளர் இளவரசு அறைக்குள் வந்தால் அவளுக்கு மூச்சு முட்டும்.

கடலூர், சிதம்பரம் இரண்டு கிளைகளின் நோயாளி விவரமும் அந்த ஒரே சர்வரில்தான் இருந்தது. ஒரே சமயத்தில் நூறு இணைப்புக்கு மேல் அது தாங்காது. திறந்திருக்கும் ஒவ்வொரு திரையும் ஓர் இணைப்பைப் பிடித்துக்கொள்ளும். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல, கவுன்டர்காரர்கள் ஆளுக்கு மூன்று திரையைத் திறந்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ஜெயராணி பங்கு பிரித்தாள். பில்லிங்குக்கு எழுபது, அவசரப் பிரிவுக்கு இருபது, மீதி வார்டுகளுக்கு. ஒருவர் பங்கில் இன்னொருவர் நுழைய முடியாது.

வெள்ளிக்கிழமைதான் தலைவலி. பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலம். குணமான ஆளை அந்த நேரத்தில் வீட்டுக்கு அழைத்துப்போக நம் ஊரில் எந்தக் குடும்பம் சம்மதிக்கும்? பன்னிரண்டு அடித்ததும் இரண்டு ஊரிலும் கவுன்டரை மொய்ப்பார்கள். எழுபது போதாமல் பில்லிங் திணறும்.

"எமர்ஜென்சில இருவது சும்மாதானம்மா கெடக்கு, அத எடுத்துக் குடேன்" என்று இளவரசு வாரம் தவறாமல் கேட்பார்.

"சும்மாதான் சார் கெடக்கணும். அதுக்குத்தான் வெச்சிருக்கேன்" என்று அவளும் வாரம் தவறாமல் சொல்வாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் கேட்கவே இல்லை. ஆபத்துக்கு இருக்கட்டும் என்று முன்பு அவளிடம் வாங்கி வைத்திருந்த பாஸ்வேர்டை மென்பொருள் கம்பெனிக்காரனிடம் கொடுத்து, இருபதையும் பில்லிங்கோடு சேர்த்துவிட்டார். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பன்னிரண்டு ஐந்துக்கு சிதம்பரம் கிளையிலிருந்து நர்ஸ் நஜியா போனில் கத்தினாள்.

"அக்கா, எமர்ஜென்சிலேர்ந்து பேசுறேன். சிஸ்டம் உள்ளயே விட மாட்டேங்குது. புவனகிரிக்காரரு, கொளஞ்சியப்பன்னு பேரு, பேச்சு மூச்சில்லாம தூக்கியாந்திருக்காங்க. முன்ன கடலூர்ல ஏதோ ஊசி ஒத்துக்காம சாகக் கெடந்தாராம். எந்த ஊசின்னு அவரு சம்சாரத்துக்குத் தெரியல. ஃபைல் பாக்காம ஊசி போட டாக்டர் பயப்படுறாருக்கா!"

"போன வெக்காத" என்றாள் ஜெயராணி.

நிர்வாகிக்கென்று தனியாக இருந்த கடைசி வழியில் உள்ளே போனாள். பில்லிங் தொண்ணூறு. அவசரப் பிரிவு பூஜ்யம். தொண்ணூறில் பாதிக்குமேல் வெறுமனே திறந்து கிடந்தவை. ஒவ்வொன்றாகப் பார்த்து மூடிக்கொண்டிருக்க இது நேரமா? அவசரப் பிரிவுக்கு இருபதைத் திருப்பிக் கொடுத்து, பில்லிங்கை மறுபடி எழுபதில் நிறுத்தி, அதன் தொண்ணூறு இணைப்புகளையும் ஒரே கட்டளையில் துண்டித்தாள். கீழே கவுன்டரில் எழுந்த கூச்சல் மாடிவரை கேட்டது.

"இப்ப பாரு."

"வந்துடுச்சுக்கா!" போன் கட்டானது.

அரைமணி கழித்து இளவரசு மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"யாரக் கேட்டும்மா கட் பண்ண? பாதி போட்ட பில்லெல்லாம் போச்சி! சனம் அடிக்காத கொறையா நிக்குது!"

"சிதம்பரத்துல ஒரு ஆளு உசுருக்குப் போராடிக்கிட்டிருந்தாரு சார். ஃபைல் தொறக்கல. அந்த இருவதையும் நீங்க எடுத்துட்டீங்க."

"அது இருக்கட்டும். எத்தினி பில்லு போச்சின்னு மொதல்ல லிஸ்ட்டு எடு."

எடுத்துக் கொடுத்தாள். எந்தக் கவுன்டர், எத்தனை நிமிஷம் நின்றது, மறுபடி போட எவ்வளவு நேரமாகும் என்று துருவித் துருவிக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னாள்.

"இதுக்கு மெமோ வரும்" என்று பட்டியலை மடித்துக்கொண்டு வாசல்வரை போனார்.

"சார்" என்று கூப்பிட்டாள் ஜெயராணி. "இவ்ளோ கேட்டீங்களே, அந்தாளு பொழச்சாரா செத்தாரான்னு ஒரு வார்த்த கேட்டீங்களா? பொழச்சிட்டாரு. இப்ப நஜியா மெசேஜ் போட்டா. போயி மெமோவ அடிச்சுக் கொண்டாங்க. நான் எங்கியும் போவல, இங்கதான் ஒக்காந்திருப்பேன்."