மகனின் பெயரோடு ஓடிய கார்

என் கணவர் வாடகை வான் ஓட்டியவர். யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ஆட்களை ஏற்றிப் போவதும், விமானத்தில் வந்து இறங்குகிறவர்களை வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவதும்தான் எங்கள் சீவியம். எங்கள் ஊர் உரும்பிராயில் வெளிநாடு போன பிள்ளைகள் பலர் அவருடைய வானில்தான் போனார்கள். எங்கள் ஒரே மகன் கனடா போனபோதும் அவரேதான் ஏற்றிக்கொண்டு போனார்.

பிறகு ஒருநாள் அவருக்கு வலிப்பு வந்தது. நல்லகாலம், வான் முற்றத்தில் நின்றது. அவர் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். தலையைப் படங்கள் எடுத்துப் பார்த்த டொக்டர், இனி ஸ்டியரிங்கில் கை வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். நான் தாதியாக வேலை செய்கிறவள். அந்தப் பேச்சை எத்தனையோ பேருக்கு நானே பக்கத்தில் நின்று விளங்கப்படுத்தியிருக்கிறேன். என் கணவருக்குச் சொல்லும்போது மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வானை விற்றோம். அவர் வீட்டில் இருந்தார். நான் வேலைக்குப் போய், பஸ்ஸில் நின்றபடி வந்து, சமைத்து, அவருடைய மருந்துக் குளிசைகளை எடுத்துக் கொடுத்துவிட்டுப் படுப்பேன். அவரோடு கதைப்பதற்கு எனக்கும் ஒன்றும் இருக்கவில்லை. கிழமைக்கு இரண்டு தடவை மகன் போன் எடுப்பான். "சாப்பிட்டியோ?" என்று இவர் கேட்பார். "ஓம் அப்பா, நீங்கள்?" என்று அவன் கேட்பான். அதோடு போன் என் கைக்கு வந்துவிடும்.

கனடாவிலிருந்து கோயில் திருவிழாவுக்கு வந்த ஒருவரிடம் மகன் ஒரு பெரிய பெட்டி கொடுத்துவிட்டிருந்தான். உள்ளே தொலைக்காட்சியில் பூட்டி விளையாடும் கேம் பெட்டி, மேசையில் இறுக்கி வைக்கும் ஸ்டியரிங், காலுக்குப் பிரேக், காதில் மாட்டிக் கதைக்கிற கருவி. சாப்பாட்டு மேசையின் பாதியை அது பிடித்துக்கொண்டது. எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. துடைக்க இன்னொரு சாமான்.

அது கார் ஓட்டப் போட்டி விளையாட்டு. ஆனால் ஒரே வட்டத்தில் சுற்றிச் சுற்றி ஓடுவதல்ல. உள்ளே ஒரு முழு நாடே இருந்தது. மலை, கடற்கரை, பட்டணம், வயல்வெளி, எல்லாவற்றையும் இணைத்து றோட்டுகள். போட்டியில் சேர விருப்பமில்லாவிட்டால் சேராமல், நினைத்த பக்கம் போய்க்கொண்டே இருக்கலாம். மகன் அங்கேயிருந்து தன் காரில் வருவான். இவர் இங்கேயிருந்து தன் காரில் போவார். இரண்டு பேரும் ஒரே றோட்டில் முன்னும் பின்னுமாக ஓடிக்கொண்டு கதைப்பார்கள்.

முதல் நாள் இவர் இடப்பக்கமாக ஓடினார். அந்த நாட்டில் வலப்பக்கம். எதிரே வந்த கார்கள் எல்லாவற்றிலும் போய் முட்டினார். "அப்பா, மற்றப் பக்கம்! மற்றப் பக்கம்!" என்று மகன் கத்துவது எனக்குக் குசினிக்குள் கேட்டது. அவன் சிரித்தான். இவரும் சிரித்தார். நான் கறியை இறக்கிவிட்டு வந்து வாசலில் நின்று பார்த்தேன்.

இவர் எதையும் சும்மா புகழமாட்டார். ஆனால் அந்த விளையாட்டைச் செய்தவர்களுக்கு வாகனம் தெரியும் என்று ஒத்துக்கொண்டார். "மழை பெய்தாப் பிறகு ரயர் வழுக்கிற விதம் இருக்கெல்லே, அச்சொட்டா அப்பிடியே செய்து வைச்சிருக்கிறாங்கள். தார் முடிஞ்சு கிரவல் றோட்டிலை இறங்கேக்கை ஸ்டியரிங் கையிலை நடுங்குது," என்றார். விடியும்போது பனிக்குள் வெளிச்சம் வருவதைக் காட்ட என்னைக் கூப்பிட்டார். கொழும்புக்குப் போகிற றோட்டில் முறிகண்டி தாண்டும்போது விடிந்தால் அப்படித்தான் இருக்குமாம்.

குறைகளையும் அவர்தான் சொன்னார். அவ்வளவு பெரிய பட்டணத்தில் றோட்டைக் கடக்க ஒரு மனிதர் இல்லை. கையைக் காட்டி மறிக்க ஆள் இல்லை. மாடு இல்லை, சைக்கிள் இல்லை, நிறுத்தி ஒரு பிளேன்ரீ குடிக்கக் கடை இல்லை. ஏற்றவும் இறக்கவும் ஒருவரும் இல்லாமல் இவ்வளவு றோட்டு எதற்கு என்று கேட்டார். மதிலோடு மோதினாலும் கார் பாதி நொருங்கியபடி ஓடியது. ஒரு பொத்தானை அமத்தினால் காலமே பின்னுக்குப் போய், மோதாத இடத்தில் கொண்டுவந்து விட்டது. அதை அவர் ஒருநாளும் அமத்தியதில்லை. எந்த நேரமும் ஒரு குரல் வந்து பாராட்டியதும் அவருக்குப் பிடிக்கவில்லை. இரண்டு வளைவு எடுத்தால் ஒரு புதுக் காரைப் பரிசாகக் கொடுத்தது. "நான் ஒரு வான் எடுக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்," என்றார்.

பிறகு மகனுக்கு இரவு வேலை கிடைத்தது. சாமான் அடுக்கும் பெரிய களஞ்சியமொன்றில். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வருவேன் என்றான். மற்ற நாட்களில் இவர் தனியே ஓடினார்.

ஒருநாள் பின்னேரம் நான் வேலையால் வந்து செருப்பைக் கழற்றும்போது உள்ளே இவர் கதைப்பது கேட்டது.

"மெல்லப் போடா தம்பி. முன்னுக்கு வளைவு. எனக்கு முந்தின மாதிரிக் கண் பிடிக்குதில்லை."

காதில் கருவி. தொலைக்காட்சியில் இவருடைய காருக்கு முன்னால் ஒரு சிவப்புக் கார். அதன் கூரைக்கு மேலே என் மகனின் பெயர் எழுத்தில் மிதந்துகொண்டிருந்தது.

"ஆரோடை கதைக்கிறியள்?"

"இவனோடைதான். ஏன் கோவமோ தெரியேல்லை. மூண்டு நாளா ஒண்டும் பறையிறான் இல்லை. ஆனா வாறான், எனக்கு முன்னாலை ஓடுறான்."

அந்த நேரம் கனடாவில் விடியாத நேரம். அவன் வேலையில் நிற்க வேண்டியவன். எனக்கு விளங்கவில்லை. மகனுக்குப் போன் எடுத்தேன். பின்னால் இயந்திரங்கள் கூவுகிற சத்தம்.

"அம்மா? என்ன, அப்பாக்கு ஏதுமோ?"

"ஒண்டுமில்லையடா. நீ இப்ப கேம் விளையாடுறியோ?"

"நான் வேலையிலை நிக்கிறன் அம்மா. ஏன்?"

போன் சத்தமாகத்தான் இருந்தது. இவருக்குக் கேட்டது. தொலைக்காட்சியில் மகனின் பெயர் வளைவில் திரும்பி மலைக்குப் பின்னால் போனது.

மகன் விளங்கப்படுத்தினான். நண்பர்கள் விளையாடாத நேரத்தில் அவர்களின் பெயரில் அந்த விளையாட்டே கார்களை ஓட்டுமாம். அவர்கள் எப்படி வளைவு எடுப்பார்கள், எங்கே அவசரப்படுவார்கள் என்று படித்து வைத்து, அதே போல ஓட்டுமாம். ஆட்கள் இல்லாத வெறுமை தெரியாமல் இருக்கத்தான் அப்படிச் செய்திருக்கிறார்களாம்.

இவர் கருவியைக் கழற்றி, உடுத்திருந்த சாரத்தின் நுனியால் துடைத்து வைத்தார். "அவன் வளைவு எடுக்கிற மாதிரியேதான் எடுத்தது," என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவர் அந்த மேசைப் பக்கம் போகவில்லை. ஸ்டியரிங்குக்கு மேலே ஒரு துவாயைப் போட்டு மூடிவிட்டார். நானும் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு எனக்கு உடம்பு இடங்கொடுக்கவில்லை என்பதுதான் உண்மை. ஒருநாள் குளிசை கொடுக்கும்போதுதான் கேட்டேன்.

"அந்தக் காருக்கு என்ன சொன்னனீங்கள்?"

அவர் தண்ணீரைக் குடித்து முடித்தார். "காலமை எழும்பப் பயமாக் கிடக்குது எண்டு சொன்னனான். எழும்பேக்கை வலிப்பு வந்திடுமோ எண்டு. வான் நிண்ட இடத்தைப் பாக்க ஏலாம இருக்கெண்டும் சொன்னனான்."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"நீர் களைச்சுப்போய் வாறனீர்."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நான் வெறும் கிளாசை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போய்ப் பைப்பைத் திறந்துவிட்டு நின்றேன். வார்ட்டில் முன்பின் தெரியாத மனிதர்களின் பயங்களையெல்லாம் கட்டிலோரம் நின்று கேட்கிறவள் நான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகன் எடுத்தபோது, போனை இவரிடம் கொடுக்குமுன் நானே அவனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். "அப்பாட்டைக் குடுங்கோ," என்றான். பிறகு அப்பாவைக் கேட்டான்.

"அப்பா, அந்தப் பெயரிலை வாறதை நிப்பாட்டலாம். நிப்பாட்டிவிடட்டோ?"

"நிப்பாட்டு," என்றார் இவர். "அது நல்லாத்தான் ஓடுது. ஆனா வேண்டாம்."

எதை எங்கே அமத்துவது என்று அவன் சொல்லச் சொல்ல இவர் அமத்தினார். பிறகு ஓடத் தொடங்கினார்கள். அன்றைக்கு அவர்கள் பயத்தைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. கியர் மாற்றுவதைப் பற்றித்தான் கதைத்தார்கள். இரண்டு மூன்று ஞாயிறு போன பிறகு, கடற்கரை றோட்டொன்றில் மெதுவாகப் போகும்போது, இவராகவே, "காலமையிலைதானடா எனக்குக் கஷ்டம்," என்று தொடங்கினார். நான் எழும்பி வெளியே போய்விட்டேன். கொடியில் காய்ந்த உடுப்பு எடுக்கிற சாட்டில்.

இப்போது காலையில் அவர் எழும்பும்போது நான் கட்டில் விளிம்பில் இருக்கிறேன். வேலைக்குப் பிந்துகிறது. ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போகிறேன். தாதிமாருக்குப் பொறுப்பான மேற்றன் ஏசுகிறார்.

போன ஞாயிறு பின்னேரம் மகன் இரவு வேலை முடித்து நேரே வந்து விளையாடத் தொடங்கினான். மலையேறும்போது அவனுடைய கார் மெல்ல மெல்ல வேகம் குறைந்து, றோட்டுக்கரையில் ஒரு வேலியில் முட்டி நின்றுவிட்டது. "தம்பி?" என்றார் இவர். கருவியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். காதில் வைத்துப் பார்த்தேன். மகன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். சின்ன வயதிலும் தடிமன் பிடித்து மூக்கடைத்தால் அப்படித்தான் விடுவான்.

"போன் அடிச்சு எழுப்பட்டோ?" என்று கேட்டேன்.

"வேண்டாம். படுக்கட்டும்."

இவர் தன் காரைத் திருப்பிக்கொண்டுவந்து, அவன் காருக்குப் பின்னால், றோட்டில் வருகிறவர்கள் அதில் மோதாதபடி குறுக்கே நிறுத்தினார். விளையாட்டுத்தானே, மோதினாலும் ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன்; சொல்லவில்லை. சோறு வைக்க வேண்டியிருந்தது. எழும்ப மனம் வரவில்லை. பக்கத்துக் கதிரையில் கால்களை நீட்டி இருந்துகொண்டு, கருவியின் ஒரு காதை நானும் மற்றதை அவருமாக வைத்து, அவன் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.