வலிக்கான மெட்டு

பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து பாட்டு வாத்தியாரைப் பார்த்துக் கேட்டார். "சார், பாட்டு கத்துக்கிட்டா பிள்ளைங்களுக்குக் கணக்கு நல்லா வருமாமே, நிஜமா?"

"வராதுங்க."

"சரி, ஒழுக்கமாவது வருமா?"

"நல்லாப் பாடுற போக்கிரிங்க நாலஞ்சு பேரை எனக்கே தெரியும்."

கூட்டம் சிரித்தது. தலைமையாசிரியர் சிரிக்கவில்லை. "பின்ன எதுக்குய்யா சம்பளம் குடுத்து உங்களை வச்சிருக்கோம்?"

"பாட்டு சொல்லிக் குடுக்கத்தான்."

வாத்தியாரின் மகள் அதே பள்ளியில் இறுதி வகுப்பு. கடைசி வரிசையில் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணக்கு வரும் என்று ஒரு வார்த்தை சொன்னால் குடியா முழுகிவிடும்? அப்பாவுக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. அடுத்த ஆண்டு பாட்டு வகுப்புகளில் பாதியைப் பிடுங்கிக்கொண்டார்கள். அந்த நேரத்தில், ஆசிரியர் வராத வகுப்புகளில் பிள்ளைகள் அடித்துக்கொள்ளாமல் காவல் இருக்கவும், இடைவேளையில் குழாயடியில் வரிசை நிறுத்தவும் அவரைப் போட்டார்கள்.

"ஒரு பொய் சொன்னா என்னப்பா?" என்று சாப்பாட்டின் நடுவே கேட்டாள்.

"ஒண்ணை இன்னொண்ணுக்காகச் சொல்லிக் குடுத்தா, அந்த இன்னொண்ணு கிடைச்சதும் இதைத் தூக்கிக் கடாசிடுவாங்கம்மா. கணக்குக்கு டியூஷன் வச்சாச்சுன்னா அப்புறம் பாட்டு எதுக்கு?"

"இப்ப மட்டும் தலைமேல தூக்கி வச்சிருக்காங்களாக்கும்" என்றாள் அம்மா. "குழாயடி வாத்தியார். தெருவே சிரிக்குது."

"சிரிக்கட்டும். குழாய் நல்ல சுதியிலதான் சொட்டுது."

இப்படித்தான் பேசுவார். உள்ளுக்குள் நொறுங்கிப்போயிருந்தார் என்பது அம்மாவுக்குத் தெரியும். பள்ளி விட்டு வந்ததும் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பாடுவார். அந்த நேரத்தில் யாரும் கதவைத் தொடக்கூடாது. விருந்தாளி வந்தாலும் காத்திருக்க வேண்டும், பால் பொங்கினாலும் சத்தம் போடக்கூடாது. இது அம்மா போட்ட சட்டம். "அங்கதான் பாட விடல. இங்கயாவது விடுங்க."

மகளுக்குப் பாட்டு வரவில்லை. வரவில்லை என்பதைவிட, வேண்டாம் என்றாள். சின்ன வயதில் அப்பா ஒரு வரியைப் பாடச் சொன்னபோது "இதைப் பாடினா என்ன ஆகும்?" என்று கேட்டவள் அவள். அவர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். கட்டாயப்படுத்திச் சொல்லிக் கொடுப்பது அவர் அகராதியில் கிடையாது.

அவள் மின்னணுவியல் படித்தாள். ஆலைகளுக்கு எச்சரிக்கை ஒலிக் கருவிகள் பொருத்துவது வேலை. தீக்கு ஒன்று, வாயுக் கசிவுக்கு ஒன்று, கொதிகலன் அழுத்தத்துக்கு ஒன்று. ஒரு ஒலிக்கு ஒரே பொருள். மாறாமல், திரும்பத் திரும்ப வர வேண்டும். காரணமில்லாமல் ஒரு தடவைகூட வரக்கூடாது. ஓர் ஆலையில் கொதிகலன் சங்கு அடிக்கடி சும்மா அலறியதால் தொழிலாளிகள் அதன் வாயில் பழந்துணியைத் திணித்து வைத்திருந்தார்கள். அவள் ஏணியில் ஏறி அதைப் பிடுங்கி எறிந்து, அங்கேயே நின்று மேலாளரைக் கிழிகிழி என்று கிழித்துவிட்டு வந்தாள். கதையைக் கேட்ட அப்பா உச்சுக் கொட்டினார்.

"பாவம். அதுக்கும் பாடணும்னு ஆசையா இருந்திருக்கும்."

"அது பாடினா ஆள் சாவாங்கப்பா."

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் காலையில் அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. சொல்வதெல்லாம் புரிந்தது, பதில் சொல்ல வாயைத் திறந்தால் அம்மியில் கல் உரசுவதுபோல் ஒரு சத்தம் வந்தது. மகள் தன் துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டு பெற்றோர் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

வந்ததும் முதல் வேலையாகப் பின்னறையில் அப்பாவின் கட்டிலின் இடப்பக்கம் ஓர் அழைப்புப் பொத்தான் பொருத்தினாள். அழுத்தினால் சமையலறையில் ஒலி வரும். அப்பா ஒரே ஒரு தடவை அழுத்தினார். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் முகம் கசங்கியது. ஒயரோடு பிடித்து இழுத்துக் கட்டிலுக்கு அடியில் போட்டார். மறுபடி மாட்டினாள். மறுபடி இழுத்துப் போட்டார். "சுதி சேரலையாம்டி, விடு" என்றாள் அம்மா.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். ஒரு நாள் அவள் அப்பாவின் இடது கையை மெல்லத் தட்டிக்கொண்டே, இரண்டு சுரங்களில், "தண்ணி வேணும்" என்று பாடினாள். அப்பா திருப்பிப் பாடினார். வார்த்தை சுத்தமாக வந்தது. அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

"ஐயாவுக்குப் பேச்சுதான் அடைச்சிருக்கு, பாட்டு அடைக்கல" என்றாள் பயிற்சிக்காரப் பெண். "சில பேருக்கு இப்படி இருக்கும். பாட்டு வழியா வார்த்தையைக் கொஞ்சம் கொஞ்சமா வெளிய கொண்டாரலாம்."

மகளுக்கு உயிர் வந்தது. நான்கு மெட்டு போதும் என்று அவளே முடிவு செய்தாள். தண்ணீருக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று, ஆள் வேண்டும் என்றால் ஒன்று, வலிக்கு ஒன்று. ஒன்றோடொன்று குழம்பக்கூடாது. வலிக்கானது படிப்படியாக ஏறி உச்சியில் போய் நிற்க வேண்டும்: "வலிக்குது, வாங்க." ஆலையிலும் அப்படித்தான், ஏறுகிற ஒலிக்குத்தான் ஆள் திரும்புவான்.

அப்பா நான்கையும் சீக்கிரமே பிடித்துக்கொண்டார். அவர் பாட அவள் ஓட, வீடு ஓர் ஒழுங்குக்கு வந்தது. அதோடு நிற்கவில்லை அவர். நான்கில் நல்ல மெட்டு வலிக்கானதுதான். அதை எடுத்துக்கொண்டு மேலே போனார், வளைத்தார், இறக்கினார், வேறு வழியாகச் சுற்றி மறுபடி உச்சிக்கு வந்தார். வார்த்தைகள் தேய்ந்து உதிர்ந்தன. மெட்டு மட்டும் ஒரு முழுப் பாட்டாக வளர்ந்தது.

முதல் தடவை அவள் சோப்பு நுரை வழியும் கையோடு ஓடினாள். அப்பா அவளைப் பார்த்துப் பாதி வாயால் சிரித்தார். இரண்டாவது தடவையும் ஓடினாள். அலுவலகத்து ஃபோனைப் பாதியில் வைத்துவிட்டுக்கூட ஓடினாள். ஒரு வலியும் இல்லை.

"அப்பா, இது விளையாட்டில்ல. வலிச்சா மட்டும் இதைப் பாடுங்க. நிஜமா வலிக்கும்போது எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் தலையை ஆட்டினார். ஆனால் பாடிக்கொண்டே ஆட்டினார்.

"எதுக்குன்னு இல்லாமப் பாடாதீங்கப்பா!"

அவர் நிறுத்தினார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு எதையும் பாடவில்லை. தண்ணீருக்கும் பாடவில்லை. உதடு வெடித்தது. படுக்கை நனைந்தது. பயிற்சிக்காரப் பெண் வந்து கையைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அம்மா விரிப்பை உருவிக்கொண்டே மகளிடம் சொன்னாள்:

"அந்த ஹெட்மாஸ்டர் செத்துப் போயிட்டான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். போகலடி. என் வீட்டுலயே சாப்பிட்டுக்கிட்டு உக்காந்திருக்கான்."

அன்று மாலை மகள் கட்டிலருகே போய் உட்கார்ந்தாள். "பாடுங்கப்பா. எதுக்கும் வேணாம். சும்மா பாடுங்க. நான் ஓடி வரமாட்டேன்."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் பின்னறையிலிருந்து வலியின் மெட்டு கிளம்பியது. ஏறி, வளைந்து, இறங்கி நெடுநேரம் போயிற்று. அம்மா பழைய நாட்களைப் போலக் கதவைச் சாத்தி வைத்தாள். தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் மற்ற மெட்டுகள் இருந்தன. அவற்றை அவர் ஒழுங்காகத்தான் பாடினார். அது போதும் என்று அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். ஆலையில் யாராவது இப்படிச் சமாதானம் சொல்லியிருந்தால் அங்கேயே அவன் சட்டையைப் பிடித்திருப்பாள்.

அது ஒரு மத்தியானம். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகள் சாப்பாட்டு மேசையில் கருவி ஒன்றைப் பிரித்துப் போட்டு வேலை பார்த்தாள். பின்னறையில் மெட்டு எழுந்தது. வார்த்தை இல்லை. ஏறி உச்சியில் நின்றது. மறுபடி முதலிலிருந்து ஏறி, உச்சியில் நின்றது. மறுபடியும்.

அவள் திருப்புளியைக் கீழே வைத்தாள். எழுந்திருக்கப் போனாள். அம்மா உதட்டில் விரலை வைத்தாள்.

"கேளேன். இன்னைக்கு மேலயே நிக்கிறார். குரல் திரும்பி வந்துடுச்சு பாத்தியா?"

குரல் கனமாகத்தான் இருந்தது. பழைய பின்னறைக் குரல் போலவே. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். மறுபடி ஒரு தடவை ஏறியது. பாதியில் நின்றது.

"அசந்துட்டார்" என்றாள் அம்மா, தணிந்த குரலில்.

மகள் திருகாணிகளைச் சத்தம் வராமல் ஒவ்வொன்றாகத் துணிமேல் எடுத்து வைத்தாள். அவர் தூங்கட்டும் என்று வெகுநேரம் இருவரும் கிசுகிசுத்தே பேசினார்கள். பிறகு தேநீர் எடுத்துக்கொண்டு உள்ளே போனது அவள்தான். அப்பாவின் இடது கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. விரல்கள் கீழே, அவர் பிடுங்கிப் போட்ட பொத்தானின் ஒயர் கிடந்த பக்கம் நீண்டிருந்தன.

மாரடைப்பு என்றார் மருத்துவர். "நெஞ்சு வலின்னு ஏதாவது சொன்னாரா?"

அம்மா மகளைப் பார்த்தாள். "அவருக்குப் பேச்சு இல்லைங்க" என்றாள் மகள்.

மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்து அவள் அந்த மெட்டை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். அப்பா பாடினால் இரண்டாவது தடவை வேறு மாதிரி போகும். வளையும், இறங்கும். அன்றைக்கு வளையவில்லை. ஒரே ஏற்றம், ஒரே உச்சி, இம்மி பிசகாமல், திரும்பத் திரும்ப. பாட்டு அப்படி வராது. எது அப்படி வரும் என்பதை வைத்துத்தான் அவள் சோறு தின்கிறாள்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்து போன பிறகு, அம்மா பின்னறையில் வெறும் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மகள் வாசலில் நின்றாள்.

"கூப்பிட்டாராடி?"

"இல்லம்மா. பாடினார்."

அம்மா தலையை நிமிர்த்தினாள்.

"பாட்டைப் பத்தி உனக்கு என்னடி தெரியும்?"